கட்டைவிரல் மலை

சனிக்கிழமை இரவு.
மருந்துக்கடைச் சாவியை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.
விடிந்தால் மோக்கா பக்கம் மலையேற வேண்டும்.
சைக்கிள் பழசு. இறங்கும்போது முன்சக்கர ஷாக்
வாத்து மாதிரிக் கத்தும்; எண்ணெய் விட்டாயிற்று.
எந்தச் செயலியை நம்பிப் போவது,
அதுதான் பாக்கி.

கொழுந்தன் பூபாலென் மூன்று அனுப்பியிருந்தான்.
மூன்றும் ஒரே மலையைக் காட்டின,
மூன்று மலைகளாக.

முதலாவது இலவசம்.
பாதி வழியில் டயர் விளம்பரம் வந்து
பள்ளத்தாக்கை மூடியது.
‘எளிது’ என்று பச்சை பூசியிருந்த அந்தச் சரிவில்தான்
போன ஜூலையில் ழான்-நோயெலுக்குத் தோள்பட்டை கழன்றது.

இரண்டாவது யூரோவில் கேட்டது, வருஷத்துக்கு.
கொடுத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வரும்,
பேன் பார்ப்பது போல
மலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.
ஏழு நாள் ஓசியில் பார்த்தேன்.
லெ பூஸ்: பிரெஞ்சில் கட்டைவிரல் என்று பெயர்.
என் கட்டைவிரலால் அந்தக் கட்டைவிரலைத் தள்ளினேன்,
போர்ட் லூயி கடலோடு நகர்ந்து வந்தது.
அழகுதான்.
ஆனால் கரும்பு எங்கே?
வானத்திலிருந்து எடுத்த படத்தில்
எல்லாம் வெட்டிக் கிடந்தது.
இது மே மாதம். தலைக்கு மேல் நிற்கிறது.
வெட்டிய காட்டில் எங்கும் வழி,
வளர்ந்த காட்டில் தெரிந்தவனுக்கே வழி.

மூன்றாவதைச் செய்தவர்கள் யாரோ,
சம்பளமில்லாமல் கோடு கோடாகச் சேர்த்திருக்கிறார்கள்.
பார்வைக்கு என் மகனின் கணக்கு நோட்டு.
விரித்துக்கொண்டே போனேன்.
உயரக் கோடுகள் நெருங்கும் இடத்தில்
நெஞ்சு அடைக்கும் என்று பொருள்;
அது எனக்கே தெரியும்.
ஒரு திருப்பத்தில் சின்னக் கேள்விக்குறி.
தொட்டால், கிரியோலில் எவரோ எழுதியது:
“இங்கே ஒரு நாய் உண்டு. கடிக்காது.
ஆனால் அது அதற்குத் தெரியாது.”

இதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும்?
இறக்கினேன். நாற்பத்தொரு எம்பி.

ஞாயிறு.
நாய் இருந்தது. அதற்குத் தெரியவில்லை.
என் ஆயுளிலேயே வேகமான இரண்டு நிமிடம்
கணக்கில் ஏறியிருக்கிறது.
அப்புறம் மழை, செம்மண், வேர்.
கவிழ்ந்தேன்.
மூக்குக்கண்ணாடி எங்கோ பறந்தது.
சீனக் கொய்யாப் புதருக்குள் முழங்காலிட்டு
தடவித் தடவி வட்டமடித்தேன், பத்து நிமிடம்.
போனை மூக்கருகே பிடித்துப் பார்த்தால்
நீலப்புள்ளி பதறாமல் துடித்துக்கொண்டிருந்தது:
நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.
சரிதான்.
இல்லையென்று யார் சொன்னது?

கண்ணாடி கிடைத்தது,
ஒரு காம்பு தனியாக.
அதன் திருகாணி மட்டும் கிடைக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து வழியைப் பதிவேற்றினேன்.
மழமழவென்று வந்த கோட்டில்
ஓரிடத்தில் முடிச்சு,
ஊசியில் நூல் சிக்கினாற்போல.
அழிக்கத் தோன்றவில்லை.

போன வாரம் பூபாலென்
சிரிப்பை அடக்க முடியாமல் காட்டினான்:
என் கோட்டைப் பிடித்து யாரோ போயிருக்கிறார்.
பெயரில்லை, கியூர்பிப் என்று மட்டும் இருக்கிறது.
நாயிடம் அவரும் வேகம்.
புதரருகே வந்ததும்
இம்மி பிசகாமல்
சுற்றியிருக்கிறார், சுற்றி, சுற்றி,
எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே.
அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.
முடிச்சு கறுத்துவிட்டது, இப்போது
அது வழிதான்.

அடுத்தவரையாவது காப்பாற்ற
ஒரு குறிப்பு எழுத வேண்டும்.
பெட்டியைத் திறந்தேன்.
கட்டைவிரல் கொஞ்சநேரம் யோசித்தது,
பிறகு எழுதியது:

“இங்கே ஒரு சின்னத் திருகாணி கிடக்கிறது.
கிடைத்தால்
ரோஸ்ஹில் மருந்துக்கடையில் கொடுக்கவும்.”